முப்பத்தொரு வினாடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருஷமாக விரிப்பு மடிக்கிறவள். சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வருகிற வெள்ளை விரிப்பை ஒரு பக்கம் அவள் பிடிப்பாள், மறுபக்கம் இன்னொருத்தி. ஒரு உதறல். முனையோடு முனை. இரண்டு எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு விரிப்பு. நீராவியில் முகம் வெந்து, கை விரல்களின் ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. ஆனால் அவள் அடுக்கி வைத்தால் அது சுவர் எழுப்பினது மாதிரி நேராக நிற்கும். சூப்பர்வைசர் அம்மாள் யாரையும் லேசில் பாராட்டுகிறவள் இல்லை. அவளே புது ஆட்களிடம், "போய் மடிப்பக்கா அடுக்குனத ஒரு தடவ பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்பாள்.

போன மழைக்காலத்தில் அதே கூடத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. கம்பி வைத்து முடுக்கினார்கள். நாலு மாதம் வீட்டில் படுக்கை. எழுந்து நடக்கத் தொடங்கியபோது வலது கால் பழைய கால் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. இருந்தாலும் சூப்பர்வைசர் அம்மாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள்: "தலையணை உறை மடிக்கிற மேசை காலியா இருக்கு. உக்காந்தே பாக்கற வேலை. வரச் சொல்லுங்க."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கிளம்பிவிட்டாள்.

ஆனால் அவள் படுத்திருந்த நாலு மாதத்தில் பெரிய சாலையை அகலப்படுத்திவிட்டிருந்தார்கள். வீடும் பள்ளிக்கூடமும் சாலைக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரியும் மார்க்கெட்டும் அந்தப் பக்கம். முன்பு பேச்சுக் கொடுத்துக்கொண்டே கடந்துவிடுகிற சாலை, இப்போது போக மூன்று வரிசை, வர மூன்று வரிசை. நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்ட் கட்டை. புது சிக்னல். பச்சை மனிதன் ஒருவன் விளக்குக்குள் நடந்தான்.

காலை ஆறு மணிக்குச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. தப்பித்தாள். மதியம் இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போதுதான் தெரிந்தது. பச்சை விழுந்ததும் இறங்கினாள். கூட இறங்கினவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நடுக்கட்டையைத் தாண்டினாள். இன்னும் இரண்டு வரிசை மிச்சம் இருக்கும்போது பச்சை மனிதன் காணாமல் போனான். ஹாரன்கள் ஒரே சமயத்தில் வாய் திறந்தன. ஒரு மோட்டார் சைக்கிள் அவள் தோள்பையை உரசிக்கொண்டு போயிற்று. "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று ஒருவன் கத்தினான். எப்படி இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மருந்துக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுத்த பச்சை வந்துபோகிறவரைக்கும் நின்றாள்.

வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் டீ ஆற்றும்போது தம்ளரைப் பார்க்காமல் ஊற்றி, டீ மேசையில் கொட்டிவிட்டது. பெயின்டர் கண்டுபிடித்துவிட்டார். அவள் புருஷன். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கண் இமையில்கூட எப்போதும் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.

"போதும்மா," என்றார். "பதினேழு வருஷம் மடிச்சது போதும். நான் சம்பாதிக்கல? நீ வீட்ல இரு. ராணி மாதிரி இரு."

"ராணிக்கு என்னங்க வேலை? சன்னல் வழியா பாத்துட்டு உக்காந்திருக்கறதா?"

"உசுரோட உக்காந்திருப்பல்ல."

அந்த நாலு மாதம் அவள் உயிரோடுதான் உட்கார்ந்திருந்தாள். கூரையில் எத்தனை விரிசல் என்று பெயின்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள்தான் குறுக்கே விழுந்தாள். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் திரும்பக்கூடாது என்று ஒரு வருஷமாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தாள்.

"நான் கூட்டிட்டு வரேம்ப்பா. காலைல ரோடு காலி, பிரச்சினை இல்ல. மத்தியானம் ரெண்டரைக்கு நான் போய் நிக்கறேன். கையக் காட்டிட்டே வந்தா எல்லாரும் நிறுத்துவாங்க."

"உனக்கு ஸ்கூல்?"

"இப்பல்லாம் ரெண்டு மணிக்கே விட்டுர்றாங்க."

பெயின்டர் அரைமனதாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் இரண்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பாப்பா புத்தகப் பையோடு நிற்பாள். அம்மாவின் இடது கையைத் தன் தோளில் போட்டுக்கொள்வாள். பச்சை அணைந்ததும் வலது கையை உயரத் தூக்கி, போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நடப்பாள். வண்டிக்காரர்கள் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், ஆனால் நின்றார்கள். ஐந்து வாரம் அப்படிப் போயிற்று.

ஆறாவது வாரம் ஒரு சாயங்காலம், தூறலில் குடை இல்லாமல் நனைந்துகொண்டு ஒரு பெண் வந்து கதவைத் தட்டினாள். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி. மூக்குக் கண்ணாடியெல்லாம் மழைத்துளி. அவளைப் பார்த்ததும் பாப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அவளுடைய கணக்கு டீச்சர். எந்தக் கணக்கு போட்டாலும் "மீதி என்ன? மீதியச் சொல்லு" என்று கடைசி வரைக்கும் விடமாட்டாள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் மீதி டீச்சர்.

"உங்க பொண்ணு அஞ்சு வாரமா கடைசி பீரியட்ல இருக்கறதில்ல," என்றாள் டீச்சர், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "கடைசி பீரியட் கணக்கு. மொதல்ல வயித்து வலின்னா. அப்புறம் தலைவலி. போன வாரம் கண்ணு வலி. இன்னும் கொஞ்ச நாள் போனா வலிக்க இடம் இருக்காதேன்னுதான் வந்தேன்."

மடிப்பக்காவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி நழுவுகிற மாதிரி இருந்தது. "ஸ்கூல் எத்தன மணிக்கு டீச்சர் விடும்?"

"மூணரைக்கு."

பாப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மடிப்பக்கா அவளையே பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள். தன் கை ஐந்து வாரமாக எந்தத் தோளில் இருந்தது என்பது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"நான் கேட் பக்கத்துலயே ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேனேடி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா அப்பா வேலைய விடச் சொல்லுவாருல்ல," என்றாள் பாப்பா. அப்புறம் நேர்மையாக, "எனக்குக் கணக்கும் பிடிக்கலம்மா," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மீதி டீச்சர் சிரித்துவிட்டாள். பெயின்டர் சிரிக்கவில்லை.

"இதோட முடிஞ்சுது," என்றார் அவர். "என் பொண்ணு படிப்பக் கெடுத்து எந்த வேலையும் வேண்டாம். நாளையிலேருந்து நீ வீட்ல இரு. டீச்சர், நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு."

டீச்சர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். பிறகு மடிப்பக்காவிடம் கேட்டாள்: "அந்த ரோட்டத் தாண்ட உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"கொஞ்ச நேரந்தான். ஆனா பத்தல."

"கொஞ்ச நேரம்னா?"

"தெரியல டீச்சர்."

"பச்சை விளக்கு எவ்வளவு நேரம் எரியுது? உங்களுக்குத் தெரியுமா சார்?"

பெயின்டர் தலையைச் சொறிந்தார். டீச்சர் பாப்பாவைப் பார்த்தாள். "நீ தினமும் போறியே, உனக்கு?" அவளுக்கும் தெரியவில்லை.

"ரோடு எத்தன மீட்டர்? அதுவும் தெரியாது. அப்ப நமக்கு ஒண்ணுமே தெரியாது," என்றாள் டீச்சர். "ஒண்ணுமே தெரியாம எப்படி சார் இவங்க வேலைய விட்டுரணும்னு மட்டும் தெரிஞ்சுது?"

பெயின்டருக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபப்படவும் முடியவில்லை. டீச்சர் கேட்ட விதத்தில் குத்தல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரிதான் கேட்டாள்.

"இந்த மாசம் புள்ளியியல் நடத்தணும்," என்றாள் டீச்சர். "புத்தகத்துல இருக்கற கணக்கெல்லாம் யாரோ எங்கயோ வாங்கின மார்க்கு, எங்கயோ பெஞ்ச மழை. பிள்ளைங்க கொட்டாவி விடுது. நான் என் வகுப்ப அந்த சிக்னலுக்குக் கூட்டிட்டுப் போறேன். மூணு நாள். எல்லாரும் தாண்டற நேரத்த அளக்கறோம். உங்க நேரத்தையும் அளக்கலாமா? பேர் எழுத மாட்டோம்."

மடிப்பக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. தான் நொண்டுவதை நாற்பது பிள்ளைகள் கடிகாரம் வைத்துப் பார்க்கப்போகிறார்கள். ஆனால் அளக்கவில்லை என்றால் நாளையிலிருந்து சன்னல்தான்.

"அளந்துக்கங்க," என்றாள்.

மூன்று நாளும் பிள்ளைகள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருத்தி கையைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் ஒருத்தன் கடிகாரத்தை அமுக்குவான். டீக்கடைக்காரர், மீன் விற்கிறவள், ஆஸ்பத்திரி நர்சுகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேர். சாலை இருபத்துநான்கு மீட்டர். பச்சை விளக்கு இருபது வினாடி. மழை இரண்டாம் நாள் பிடித்துக்கொண்டது. நோட்டை நெகிழிப் பைக்குள் வைத்து எழுதினார்கள்.

நாலாம் நாள் பாப்பா வீட்டில் தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்தாள். தாள் அப்பாவுடையது, பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கிற பழுப்புத் தாள். கீழே வினாடிகள் வரிசையாக. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி. ஒரே நேரம் எடுத்தவர்கள் ஒருவர் தலைமேல் ஒருவராக ஏறி நின்றார்கள். பதினாறிலும் பதினேழிலும் மேடு தட்டியிருந்தது. அப்புறம் சரிந்து, இருபதைத் தாண்டிக் குறைந்து, இருபத்தெட்டில் ஒரே ஒரு புள்ளி. அதற்கும் அப்பால் வெறும் தாள். கடைசியில் முப்பத்தொன்றில் தன்னந்தனியாக ஒன்று.

மடிப்பக்கா பட்டாணி சூப்பைக் கலக்குவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

பாப்பா பேனா மூடியைக் கடித்தாள்.

"நான்தானா?"

"ம்."

"இருபத்தெட்டுல யாரு?"

"தடி ஊன்றி ஒரு பாட்டி வந்தாங்கம்மா. தொண்ணூறு வயசு இருக்கும்."

மடிப்பக்காவுக்கு வயது நாற்பத்து நாலு. அடுப்பைச் சின்னதாக்கினாள். ரொட்டியை அறுத்தாள். அறுத்த துண்டு ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் இருந்தது, கண்ணீர் மட்டும் இஷ்டத்துக்கு விழுந்தது. பெயின்டர் வந்து கத்தியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, "டீச்சர் எப்ப சிக்னல் ஆபீசுக்கு இந்தத் தாளக் கொண்டுபோறாங்க?" என்று பாப்பாவிடம் கேட்டாள். "நானும் வரேன்னு சொல்லு."

சிக்னல் ஆபீசில் இருந்த இன்ஜினியர் இளவயசுப் பையன்தான். மரியாதையான பையன். டீச்சரையும் மடிப்பக்காவையும் பாப்பாவையும் உட்கார வைத்து, பழுப்புத் தாளை மேசை முழுக்க விரித்துப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"பிரமாதமா பண்ணியிருக்காங்க டீச்சர். எங்க ஆளுங்ககூட இவ்வளவு சுத்தமா பண்ண மாட்டாங்க. சராசரி பாத்தீங்களா? பதினேழு. நாங்க இருபது குடுத்திருக்கோம். மூணு வினாடி கூடவே இருக்கே."

"சராசரி ஆளுக்குப் போதும் சார்," என்றாள் டீச்சர். "இருபதுக்கு மேல முப்பத்தெட்டு பேர் இருக்காங்க."

"நானூத்துச் சொச்சத்துல முப்பத்தெட்டு. நூத்துக்கு ஒன்பது. அதுலயும் பெரும்பாலும் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. கொஞ்சம் வேகமா நடந்தா முடிஞ்சுது." அவன் பென்சிலால் வலது ஓரத்தைத் தொட்டான். "இந்த மாதிரி ஒத்தையா தள்ளி நிக்கிற புள்ளிய நாங்க சேத்துக்கறதில்ல. அளக்கறப்ப ஏதாவது தப்பு நடந்திருக்கும். கடிகாரத்த லேட்டா அமுக்கியிருப்பாங்க."

"தப்பு நடக்கல சார்," என்றாள் மடிப்பக்கா. "அது நான்."

பென்சில் அப்படியே நின்றது. பையன் காதுமடல் வரை சிவந்துபோனான். "மன்னிச்சுக்கங்கம்மா. நான் அந்த அர்த்தத்துல..."

"பரவால்ல சார். பாத்தா தப்பு மாதிரிதான் இருக்கு."

அவன் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தான். மெதுவாகச் சொன்னான்: "என் நிலைமையையும் பாருங்கம்மா. பச்சைய நீட்டினா அந்தப் பக்கம் வண்டிங்க நிக்கணும். அடுத்த வருஷம் நடைமேம்பாலம் திட்டத்துல இருக்கு."

"அதுல எத்தன படி சார்?"

"ஒரு... அறுபது இருக்கும்."

"அறுபது படி ஏற முடிஞ்சா நான் ஏன் சார் உங்கள வந்து தொந்தரவு பண்றேன்? வண்டிக்காரங்க காத்திருக்கறதுன்னா, அவங்க உக்காந்துட்டுத்தானே காத்திருக்காங்க?"

பாப்பா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். இன்ஜினியரும் சிரித்தான். ஆனாலும் தலையை ஆட்டினான். "நூத்துக்கு ஒன்பதுன்னு மேல கொண்டுபோனா திருப்பி அனுப்பிருவாங்கம்மா."

மடிப்பக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேட்டில் நின்றவர்களை, சரிவில் நின்றவர்களை, தனக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில் கிடந்த வெற்றிடத்தை. அவளுக்கு ஏதோ உறுத்தியது. அந்த வெற்றிடத்தில் ஆள் இருக்கவேண்டும். அவளுக்கு அவர்களைத் தெரியும்.

"சார், பிள்ளைங்க ரோட்டுல நின்னு ரோட்டுக்கு வந்தவங்கள எண்ணினாங்க. வராதவங்கள யாரு எண்ணினா?"

"புரியலம்மா."

"எங்க எதிர்வீட்டுத் தையக்காரம்மா. முட்டி வீங்கிப்போச்சு. ரோடு பெருசானதுலேருந்து மார்க்கெட் பக்கமே போகல. நூல் வேணும்னாகூட யாரையாவது கெஞ்சறாங்க. மூணாவது வீட்டுல ஒரு பொண்ணு, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாளு போகாம இருந்துர்றா. அவங்கெல்லாம் இந்தத் தாள்ல இல்ல சார். எம் பொண்ணு தோள் குடுக்கலைன்னா நானும் இருந்திருக்க மாட்டேன். அப்ப உங்க கணக்கு இன்னும் அழகா வந்திருக்கும்."

மீதி டீச்சர் நாற்காலியில் திரும்பி அவளைப் பார்த்தாள். இன்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தான்.

"எத்தன பேர் அப்படி?"

"தெரியாது சார்."

"தெரிஞ்சுட்டு வாங்கம்மா," என்றான் அவன். "நிஜமாச் சொல்றேன். வாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டீச்சர், "பத்து வருஷமா இந்தப் பாடத்த நடத்தறேன். இது எனக்குத் தோணவே இல்ல," என்றாள். மடிப்பக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "வீட்ல கெடந்து பாத்தவளுக்குத் தோணும் டீச்சர்," என்று சொல்லி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வகுப்பு முழுக்கத் தெருவுக்கு வந்து இறங்கியது. நூற்று நாற்பது வீடு. இரண்டிரண்டு பேராகக் கதவைத் தட்டி ஒரே கேள்வி: பெரிய ரோட்டைத் தனியாகத் தாண்டிப் போகாதவர்கள் யாராவது இருக்கிறார்களா? முதலில் எல்லா வீட்டிலும் "அப்படி யாரும் இல்லையே" என்றுதான் சொன்னார்கள். அப்புறம் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். "ஆமா, அம்மா போறதில்ல." "இவரு அந்தப் பக்கம் போயி அஞ்சாறு மாசமாச்சே." மொத்தம் அறுபத்து மூன்று பேர். இத்தனை பேரா என்று தெருவே வாயைப் பிளந்தது.

பெயின்டர் தன் அளவு நாடாவைக் கொண்டுவந்து தெரு நடுவில் இருபத்துநான்கு மீட்டர் அளந்தார். இரண்டு முனையிலும் சாக்குக் கட்டியால் கோடு. நடக்கக்கூடியவர்கள் ஒவ்வொருவராக வந்து நடந்தார்கள்.

முதலில் ஓய்வுபெற்ற தபால்காரர். "பரிசு என்ன?" என்று கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, பதினெட்டு வினாடியில் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கினார்.

"ஐயா, எப்பவும் நடக்கற மாதிரி நடங்க," என்று கெஞ்சினாள் டீச்சர்.

"இதான் நான் எப்பவும் நடக்கறது!"

"வாய்க்கு வந்தத சொல்லாதீங்க," என்று வாசலிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள். "கூடத்துலேருந்து அடுப்படிக்கு வரதுக்குள்ள டீ ஆறிப்போகுது."

தெரு சிரித்தது. எல்லோருமே இப்படித்தான் செய்தார்கள். கடிகாரத்தைப் பார்த்ததும் வீம்பு வந்துவிட்டது. மடிப்பக்கா டீச்சர் காதில் என்னவோ சொன்னாள். அதற்கப்புறம் எதிர்க்கோட்டில் மேசை போட்டு, "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது. திரும்பி வந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார்கள். ஆட்கள் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தங்கள் நடையில் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் அந்த நேரத்தைத்தான் எழுதினார்கள். தபால்காரர் திரும்பி வர இருபத்தொன்பது வினாடி. தையல்கார அம்மாளுக்கு முப்பத்து மூன்று. மூன்றாம் வீட்டுப் பெண் இரண்டு குழந்தைகளோடு முப்பது.

பெயின்டர் ஒரு ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் மகளிடம் வந்தார்.

"பாப்பா, அம்மா மாதிரி நான் நடக்கறேன். நீ இருபதுன்னு வர்றப்ப சத்தம் குடு."

அவர் கேலிக்காக நடக்கவில்லை. வலது காலை இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் நடந்தவளின் புது நடையை அப்படியே நடந்தார். பாப்பா எண்ணிக்கொண்டே வந்தாள். "இருபது!"

அவர் நின்றார். முன்னால் கோடு வெகு தூரத்தில் இருந்தது.

"இங்கயா?"

"பதினஞ்சரை மீட்டர் வந்திருக்கீங்கப்பா," என்றாள் பாப்பா. நோட்டைப் பார்க்காமலே சொன்னாள். "இன்னும் எட்டரை இருக்கு."

"இங்க நிக்கறப்பவா லைட் மாறுது?"

"ஆமாப்பா."

பெயின்டர் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தெருவில் வண்டி எதுவும் இல்லை. ஆனால் அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மடிப்பக்கா மேசைக்குப் பின்னாலிருந்து அவரையே கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் மீதி எட்டரை மீட்டரையும் அதே நடையில் நடந்து வந்து அவள் முன்னால் நின்றார்.

"தெரியாமப் போச்சும்மா," என்றார். "வீட்ல இருன்னு சொன்னது பெரிய அன்புன்னு நெனச்சுட்டேன்."

"அன்புதான்," என்றாள் அவள். "அதுக்குள்ள மூச்சு முட்டுது, அவ்வளவுதான். டீயக் குடிங்க."

அறுபத்து மூன்று பேரில் நடக்க முடிந்தவர்கள் ஐம்பத்திரண்டு. அதில் நாற்பத்தேழு பேருக்கு இருபது வினாடி போதவில்லை. முப்பத்து நாலு வினாடி கொடுத்தால் ஐந்து பேரைத் தவிர எல்லோரும் தாண்டலாம். பாப்பா இரண்டாவது தாளில் புள்ளி வைத்தபோது வலது பக்கத்து வெற்றிடம் நிறைந்துபோயிற்று. முப்பத்தொன்றில் மட்டும் ஏழு பேர். மடிப்பக்கா ஒவ்வொரு புள்ளியையும் விரலால் தொட்டு, இது யார், இது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பெயர் எழுதக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் பாப்பா காதில் சொன்னாள்.

இன்ஜினியர் தாளை வாங்கிக்கொண்டான். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. மேலே ஒரு ஆபீஸ், அதற்கும் மேலே ஒரு ஆபீஸ். எவ்வளவு வண்டி நிற்கும் என்று கேட்டார்கள்; பிள்ளைகள் மறுபடியும் போய் வண்டிகளை எண்ணினார்கள். ஒரு நாள் இன்ஜினியரே சொந்தக் கடிகாரத்தோடு வந்து தெருவில் தையல்கார அம்மாளோடு நடந்து பார்த்துவிட்டு, அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான். அந்த நாட்களில் மடிப்பக்கா ஷிஃப்ட் முடிந்ததும் சலவைக்கூட வாசலில் உட்கார்ந்திருப்பாள். சூப்பர்வைசர் அம்மாள் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். மூன்றே முக்காலுக்குப் பாப்பா கடைசி பீரியட்டை முடித்துவிட்டு வருவாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே அன்றைக்குப் போட்ட கணக்கைச் சொல்லுவாள். கணக்கு பிடிக்கிறது என்று மட்டும் அவள் வாயால் வரவில்லை. "முன்ன அளவுக்கு மோசம் இல்ல" என்பாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் பச்சை நீண்டது. மீன் விற்கிறவள்தான் முதலில் கவனித்துச் சேதி பரப்பினாள்.

அன்று மூன்று மணிக்கு மடிப்பக்கா பாப்பாவுக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்டூலை உள்ளே எடுத்து வைத்துவிட்டுத் தனியாகச் சாலை ஓரத்துக்கு வந்தாள். பச்சை விழுந்தது. மனசுக்குள் எண்ணிக்கொண்டே இறங்கினாள். கூட இறங்கினவர்கள் வழக்கம்போல முன்னால் போனார்கள். பன்னிரண்டில் நடுக்கட்டை நெருங்கியது. இருபதில் தானாக இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்; ஹாரன் வரவில்லை. பச்சை மனிதன் அவளுக்காக நடந்துகொண்டே இருந்தான். முப்பத்தொன்றில் இந்தப் பக்கத்து நடைபாதையில் காலை வைத்தாள். இன்னும் மூன்று வினாடி கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படியே நின்று மூச்சு விட்டாள்.

விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவள் இதுவரை பார்த்திராத ஆள். இந்தத் தெரு இல்லை. எங்கோ பின்தெருவிலிருந்து வந்திருக்கவேண்டும். அறுபது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. கையில் நாலு கால் வைத்த ஊன்றுகோல். பச்சை வந்துபோனது, அவர் இறங்கவில்லை. மறுபடி வந்தது, ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

"நேரம் கூட்டிட்டாங்கன்னு பேசிக்கிட்டாங்க," என்றார் அவர் அவளைப் பார்த்து. "நெசமாம்மா?"

"நெசந்தாங்க. முப்பத்து நாலு வினாடி. எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது. உங்களுக்கு எவ்வளவு ஆகும்?"

"தெரியலையேம்மா. பக்கவாதம் வந்தப்புறம் நான் இந்தப் பக்கமே வந்ததில்ல."

மடிப்பக்கா தெருப்பக்கம் திரும்பி, சுவரோரமாக நீண்டு கிடந்த நடைபாதையைக் கண்ணால் அளந்தாள். மருந்துக்கடை வாசலிலிருந்து அந்த மூன்றாவது கம்பம் வரைக்கும் இருபத்துநான்கு மீட்டர் இருக்கும். தோள்பையைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"வாங்க," என்றாள். "மொதல்ல இங்க நடந்து பாப்போம். நான் எண்ணறேன். அவசரமே இல்ல, உங்க நடையிலேயே வாங்க."